இன்னா மாதிரி மெதுவு

என் மாமாவுக்குக் காது மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒரு வருஷம் உண்டு. அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அம்மா நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஐந்தாவது தடவை முதுகில் ஒன்று வைத்து, "இன்னாடா, காது செவுடா?" என்று கேட்பாள். தம்பியைத் திட்ட எல்லா அக்காக்களும் சொல்கிற பேச்சுதானே என்று நாங்கள் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார். எங்களைவிட ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். அதைக் கவனிக்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் இருக்கிற பக்கம், ஒரு ரோலிங் மில்லின் பின்சுவரை ஒட்டிப் பதினோரு வீடுகள் வரிசையாக இருந்தன. நான்காவது எங்களுடையது. அப்பாவுக்கு எளாவூரில் ஒரு லாரி ஷெட்டில் வேலை, வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மாமா அந்த மில்லிலேயே கிரேன் ஓட்டினார். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. காலையில் ஏணி ஏறி அதன் கூண்டில் உட்கார்ந்தாரென்றால் ஷிப்ட் முடிந்துதான் இறங்குவார். கீழே பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி, உருளைகளுக்கு நடுவில் பாம்பு போல ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி, மண்ணுக்குள் இறங்கி, எங்கள் வீட்டுத் தரை வழியாக மேலே வரும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நாள் முழுக்கக் கிணுகிணுத்தபடி இருக்கும். புதிதாக வந்த சொந்தக்காரர்கள், "இதுல எப்டிதான் தூங்குறீங்கோ?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும்.

இந்த மாமா வயலின் வாசிப்பார் என்றால் நம்பமாட்டீர்கள். சர்ச்சில் ஒரு பழைய வயலின் கிடந்தது. பாட்டுக் குழுவில் பையனாக நின்றிருந்தவரைப் பிடித்து அந்தக் காலத்துப் பாஸ்டரின் மனைவி கற்றுக்கொடுத்தார். நோட்ஸ் பார்த்து வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள். ஐந்து கோடு போட்டு அதன்மேல் புள்ளி வைத்ததைப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பதினோரு வீட்டில் என்ன, அந்தப் பஞ்சாயத்திலேயே மாமா ஒருவராகத்தான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வயலின் பெட்டியோடு மின்சார ரயிலேறி சென்னைக்குப் போவார். அங்கே ஒரு ஹாலில் ஓர் இசைக்குழு கூடும். டாக்டர்கள், வங்கியில் இருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நாற்பது பேர். கிரேன் ஓட்டுகிறவர் இவர் மட்டும். இரண்டாம் வயலின் கூட்டத்தில் கடைசி வரிசையில், கூடுதலாகப் போட்ட நாற்காலியில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தார். ஒத்திகைகள் ஒன்றையும் விட்டதில்லை. கச்சேரி அன்றைக்கு மட்டும் மேடையில் அந்தக் கூடுதல் நாற்காலிக்கு இடம் இருக்காது. மாமா டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். "நல்லா வாசிச்சாங்கோ" என்பார். அவர் முகத்தில் ஒரு குறையும் தெரியாது.

அந்த வருஷம் ஒரு நாற்காலி காலியானது. அதற்கு இரண்டு பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் வங்கியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். குழுவை நடத்துகிறவரை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சார் எடுத்துக்கொண்டது ஓர் இங்கிலாந்துக்காரர் எழுதிய சிம்பொனி. இரண்டாவது உலகச் சண்டை முடிந்த கையோடு எழுதியதாம். அவர் பெயர் கேசட்டின்மேல் ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தப்பாகச் சொல்கிறேனோ என்று இன்றைக்கும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதில் நாலு பாகம். முதல் மூன்றையும் பழகலாம், நாலாவதைப் பழக முடியாது, புரிந்துகொள்ளத்தான் முடியும் என்று சொல்லிச் சார் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். அந்த நாலாவது பாகத்தை இரண்டு பேரும் தனித்தனியாக வாசிக்க வேண்டும். யார் அதன் மனசைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு நாற்காலி. புரிந்துகொள்ள ஒரே ஒரு கேசட் இருந்தது. அது வீடு வீடாகச் சுற்றி வந்தது. எங்கள் வீட்டில் அது இரண்டு வாரம் இருந்தது.

முதல் வாரம் மாமா என்னைக் கூப்பிட்டு டேப்ரிக்கார்டர் பக்கத்தில் உட்காரவைத்தார். பெரிய சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டது. முரசும் குழல்களும் எழுந்து வருவது கேட்டது. அதற்குள் ஓடுகிற சின்னச் சின்ன இழைகள்தான் கேட்கவில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

"ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளா கேட்டா நல்லா வெளங்கும் கண்ணு. நீ சொல்லு, இன்னா தெரியுது இதுல?" என்றார்.

எனக்குப் பரீட்சை போலாகிவிட்டது. நான் சின்ன வயதிலிருந்தே எதற்கும் பயப்படுகிறவள். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற புத்தி இப்போது. அப்போது கேஸ் இல்லை, புத்தி இருந்தது.

"தப்பா சொல்லிட்டா?"

"இதுல தப்பு இன்னா கீது? பயந்துக்கினே சொல்லு, பரவால்ல."

பயந்துகொண்டே சொன்னேன். முதல் பாகம் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்கிற மாதிரி இருக்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரன் அடிக்கிறார்கள், ஒருவரும் நகரவில்லை. இரண்டாவதில் ஒரு குழல் மூன்று தடவை கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்கும். அது திருவள்ளூர் கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல என்றேன். அப்பாவோடு ஒரு தடவை லாரி கேஸுக்குப் போயிருந்தேன், மரத்தடியில் உட்கார்ந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருந்தது. மூன்றாவது ஒரே ஆட்டம். அதைக் கேட்டு, "குடிச்சிட்டு ஒருத்தன் ஆடுறான் மாமா. ஆனா அவனுக்குச் சிரிப்பு வரல" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் மூன்றாம் பாகத்தைப் பற்றிச் சார் ஒவ்வொரு வரிசையாகக் கேட்டபோது மாமா இதையே எழுந்து சொல்லியிருக்கிறார். சார் கையிலிருந்த குச்சியால் மேசையைத் தட்டி, எல்லாரும் அப்படி வாசியுங்கள், சிரிப்பு வராத குடிகாரன், என்றாராம். மாமா சென்ட்ரலில் ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்தார். அம்மாவிடம் அந்தக் கதையை மூன்று தடவை சொன்னார். "உன் பொண்ணுக்குக் காது இல்லக்கா, தராசு" என்றார்.

அம்மாவுக்குப் பெருமை. எனக்குப் பயம். ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த தடவையும் சரியாகச் சொல்ல வேண்டுமே.

இரண்டாவது வாரம் நாலாவது பாகம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மாமா தனியாகவே முயன்றார். சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகி, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் திரும்பச் சுற்றுவார். "கேசட்டு தேஞ்சி பூட்ச்சி. ஒரே எரைச்சலு" என்றார். அம்மா அடுப்பிலிருந்தே, "அந்தப் பொட்டியப் போட்டு இன்னாத்துக்குடா பேஜாரு பண்ற?" என்றாள்.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கூப்பிட்டார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். மாமா நோட்ஸ் தாளை என் முன்னால் விரித்தார். அதில் ஒரே எழுத்து இரண்டு இரண்டாகச் சேர்ந்து பக்கம் முழுக்க இருந்தது.

"இது போட்டா மெதுவா, சத்தமே எழாம வாசிக்கணும்னு அர்த்தம். ஆரம்பத்துலர்ந்து கடைசி வரிக்கும் இதான் போட்டுக்கீது. ஒரு எடத்துலயும் ஏத்தம் கெடயாது. சரி, மெதுவுன்னா எத்தன மெதுவு கீது சொல்லு. கொழந்த முழிச்சிக்கும்னு அடிவச்சி நடக்கிறது ஒரு மெதுவு. திருடன் நடக்கிறது ஒரு மெதுவு. சாவு ஊட்ல பேசிக்கிறது ஒரு மெதுவு. இது இன்னா மாதிரி மெதுவு? அது ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லிடு கண்ணு."

அவர் குரலில் இருந்தது கெஞ்சல். பெரியவர்கள் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

டேப்ரிக்கார்டரைத் தூக்கி மடியில் வைத்து, காதை ஒட்டினேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு, தூரத்தில் யாரோ ஒரு தந்தியைத் தொட்டு எடுத்தது போல. பிறகு இன்னொன்று. ராகமாக ஏதோ ஒன்று எழுந்திருக்கப் பார்க்கிறது, பாதியில் உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு பக்கத்திலிருந்து அதையே வேறொன்று எடுத்துப் பார்க்கிறது, அதுவும் விட்டுவிடுகிறது. அழுகை இல்லை. அழுகையாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், எங்கள் வரிசையில் அழுகைக்குக் குறைச்சல் இல்லை. இது அழுகைக்கு முன்னால் இருப்பது. சட்டென்று தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தேன். டம்ளர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் காதுக்குள் மில் நின்றிருந்தது.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வார லீவுக்கு மில் நிற்கும். அது தெரிந்து நிற்பது. அன்றைக்குத் துணி துவைப்போம், பாட்டு போடுவோம். சொல்லாமல் கொள்ளாமல், ஷிப்ட் நடுவில் நின்றால்தான் விஷயம். டம்ளர்கள் ஒவ்வொன்றாக அடங்கும். பதினோரு வீட்டுப் பெண்களும் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். ஒருத்தி ஒருத்தியைப் பார்ப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். பிறகு எல்லாரும் மில் கேட்டுக்கு நடப்பார்கள். ஓடமாட்டார்கள். ஓடினால் தன் வீட்டு ஆளுக்குத்தான் என்று ஆகிவிடும் என்று ஒரு பயம்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அப்படி நின்றது. அம்மா ஈரக்கையோடு என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டுக்கு வெளியே நாற்பது, ஐம்பது பெண்கள். உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. என் கையை அம்மா நெரித்துக்கொண்டிருந்தாள், வலிக்கிறது என்று சொல்லவும் பயமாக இருந்தது. பிறகு ஒரு சூப்பர்வைசர் வந்து ஏழாவது வீட்டு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அக்காவின் புருஷன்தான் மாமாவின் கிரேனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவர். உருளையிலிருந்து தப்பிய கம்பி ஒன்று அவர்மேல் பாய்ந்திருந்தது.

மாமா எல்லாருக்கும் கடைசியாக வெளியே வந்தார். கிரேனுக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள், மேலே அவர் ஒருவர் இருப்பதையே யாரும் நினைக்கவில்லை. அன்றைக்கு அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "மேலர்ந்து பாத்துக்கினே இருந்தேன்கா. சுத்தி நிக்கிறாங்கோ. ஒருத்தனும் பேசல, ஒருத்தனும் அழல. அப்டியே நிக்கிறாங்கோ." பிறகு நாலு நாள் அவர் சோற்றைத் தொடவில்லை. அம்மா என்னைச் சமையல் மூலைக்குக் கூட்டிப்போய், "மாமா எதிர்ல இனிமே அந்தப் பேச்ச எடுத்தீன்னா வாய்ல சூடு வெப்பேன்" என்றாள்.

அதுதான் அந்த மெதுவு. கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் வேறு எதுவும் எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததில்லை.

கேசட் முடிந்து பொத்தான் துள்ளியது. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வாய் வரவில்லை. அம்மா சூடு வைப்பாள் என்பது கால்வாசிதான். மாமா மறுபடி சோற்றைத் தொடாமல் போய்விட்டால் என்பது கொஞ்சம். மிச்சமெல்லாம் என் சொந்தப் பயம். மில் நிற்பதைப் பற்றி வாயால் சொன்னால் மில் நின்றுவிடும் என்று நம்பினேன். நின்றால் இந்தத் தடவை மேலே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிடும். வாசலில் வெயில் அடித்தது, பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தாலாட்டு மாதிரி கீது மாமா. கொழந்த தூங்குது."

"தாலாட்டா?"

"ஆமா. அம்மாக்காரி ஆட்டிக்கினே அவளும் தூங்கிட்றா."

மாமாவின் முகம் மலர்ந்தது. "அதான் பார்த்தேன். அதான் ஏத்தமே இல்ல" என்றார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அதை வாசித்தார். வயலினைத் தாடையில் அழுத்தி வைத்துக்கொண்டால் எலும்பு வழியாக அவருக்குக் கேட்கும். அதனால்தான் வாசிக்கும்போது மட்டும் அவர் காது குறையில்லாமல் இருந்தது. இடது கை விரல்களைத் தந்தியில் அசைத்து அசைத்து ஒவ்வொரு சுரத்தையும் தொட்டிலில் போட்டு ஆட்டினார். அம்மா தோசைக் கரண்டியோடு வந்து நின்று, "டேய், நல்லாக்கீதுடா" என்றாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. நானே நம்ப ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை நான் சென்ட்ரல் பார்த்ததில்லை. காலையிலேயே அம்மா தலையில் எண்ணெய் வழிய வழிய இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். ரயிலில் மாமா என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார். பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சாதாரணமாக அவர் அவ்வளவு பேசமாட்டார்.

ஹாலில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் வங்கிப் பையன். வாசிப்பதற்கு முன்னால் சார், இதில் உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார். பையன் இங்கிலீஷில் நிறையச் சொன்னான். புத்தகத்தில் படித்திருப்பான் போல, கண்ணை மேலே தூக்கித் தூக்கிச் சொன்னான். பிறகு வாசித்தான். சும்மா நேராக, வெறுமையாக வாசித்தான். கேசட்டில் கேட்டதற்குப் பாதி தூரம் அவன் போய்விட்டான்.

அடுத்து மாமா எழுந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஹால் முழுக்கத் தொட்டில் ஆடியது. எட்டுப் பத்துத் தடவை வில் போய் வந்திருக்கும், சார் கையைத் தூக்கினார். மாமாவின் கண் மூடியிருந்தது. "போதும்" என்றார் சார். மாமா வாசித்தார். "மிஸ்டர், போதும்" என்று சார் உரக்கச் சொன்னார். மாமா இன்னும் இனிமையாக வாசித்தார். யாரோ சிரித்தார்கள். வங்கிப் பையன்தான் எழுந்து, பாவம், அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினான்.

சார் கெட்டவர் இல்லை. "என்ன நினைச்சு வாசிச்சீங்க?" என்று பக்கத்தில் வந்து கேட்டார்.

"தாலாட்டு சார்."

இந்தத் தடவை நிறையப் பேர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "அழகா இருந்தது, வேற ஏதாவது பாட்டுக்கு" என்றார். பிறகு மேடைக்குத் திரும்பி நடந்துகொண்டே எல்லாருக்குமாகச் சொன்னார். அவர் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. "இந்த இங்கிலாந்துக்காரங்க துக்கத்தை முகத்துல காட்டமாட்டாங்க. அதான் இவங்க ஸ்டைல். இதுல அழுகையும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. எல்லாம் நின்னுபோச்சு. யாருக்கு என்ன ஆச்சுன்னு இன்னும் தெரியல. அந்த நேரம் இது. விரலை ஆட்டாதீங்க. ஒண்ணும் சேர்க்காதீங்க."

நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மாமா வயலினைக் கையில் வைத்துக்கொண்டு, சாரின் முதுகைப் பார்த்து, "எஸ் சார், எஸ் சார்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. எண்ணூர் தாண்டியது. மாமா வயலின் பெட்டியின் பூட்டை நகத்தால் தட்டிக்கொண்டே, "கண்ணு, சார் அங்க போய்க்கினே கடைசியா இன்னாவோ சொன்னாரே, இன்னா சொன்னாரு?" என்றார்.

அவருக்கு ஏன் தெரியவில்லை என்று நான் யோசிக்கவில்லை. என் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"நீங்க நல்லா வாசிச்சீங்கன்னு சொன்னாரு மாமா."

"அது முன்னாடி சொன்னது. பின்னாடி?"

"வேற ஒண்ணியும் இல்ல."

"அந்தக் கேசட்டுல... நெஜமா தாலாட்டு மாதிரிதான் இருந்துச்சா?"

உண்மையைச் சொல்ல இரண்டாவது தடவையாக எனக்குக் கதவைத் திறந்துவைத்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆமா மாமா" என்றேன்.

அவர் நம்பினார். சாரை நம்பவில்லை, ஹாலில் சிரித்தவர்களை நம்பவில்லை, என்னை நம்பினார். யாரிடமோ சொல்வது போல, "அப்ப கொற என் கையிலதான். எங்கம்மா என்னப் பெத்துட்டுப் போய்ச் சேந்துட்டா. உங்கம்மா தூக்கி வளத்தா, அவளுக்கே அப்ப எட்டு வயசு. பாட்டு எங்க பாடப் போறா? தாலாட்ட நான் கேட்டதே இல்ல. கேக்காதத எப்டி வாசிக்கிறது?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். என் பின்னலில் அவிழ்ந்திருந்த ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஷிப்ட் இருக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறும். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அம்மா மட்டும் இரண்டு தடவை கேட்டாள். மறுவருஷம் மில்லில் டாக்டர் வந்து எல்லாருக்கும் காதுச் சோதனை வைத்தபோது விஷயம் வெளியே வந்தது. கிரேனிலிருந்து இறக்கி, லாரிகளை எடை போடுகிற எடைமேடை வேலையில் உட்காரவைத்தார்கள். "ஐயோ, செவுடான்னு நான் வெளாட்டுக்குத்தானேடா கேட்டேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அன்றைக்குத்தான் ஹாலில் அவர் நிறுத்தாமல் வாசித்தது புரிந்தது. ரயிலில் அவர் என்னைச் சோதிக்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார் என்பதும் புரிந்தது. அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். காதுக்குள் கத்தியிருக்கலாம், எழுதிக் காட்டியிருக்கலாம். சொன்னால் என்ன நினைப்பாரோ என்று ஒரு வருஷம் பயந்தேன், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரோ என்று அப்புறம் பயந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் காக்களூரில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போனேன். கல்யாணம் ஆனது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமா வருவார். காது மெஷினைப் பைக்குள் வைத்திருப்பார், போடமாட்டார். என் மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு, "உங்கம்மாவுக்குக் காது இல்ல, தராசு" என்று அவளிடமும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். கடைசிவரை அந்த இங்கிலாந்துக்காரர் எழுதியது தாலாட்டு என்றும், அதை வாசிக்கத் தன் கைக்கு வக்கில்லை என்றும் நினைத்துக்கொண்டேதான் போனார்.

போன மாதம் என் மகள் அந்தப் பெயரைப் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு நாலாவது பாகத்தைக் கேட்டேன். பத்து வயதில் கேட்டதில் ஒரு துளி மாறவில்லை.

மாமாவுக்கு அந்த நாளை ஞாபகப்படுத்தக் கூடாது, அவரைக் காப்பாற்ற வேண்டும், என்றுதான் அந்தப் பத்து வயதுப் பெண் நினைத்தாள். நான் சொன்னால்தான் அது அவருக்கு ஞாபகம் வரும் என்பது போல. தினமும் காலையில் அவர் அதே ஏணியில் ஏறி, அதே கூண்டில் உட்கார்ந்து, வேறொருவர் நின்று கொக்கி மாட்டுகிற அதே இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு எட்டவில்லை. அந்த ஹாலில் வில்லும் கையுமாக இருந்த நாற்பது பேருக்கும் சார் அதை வார்த்தை வார்த்தையாகச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டியிருந்தது. மாமா ஒருவர் மட்டும்தான் அதை மேலேயிருந்து, தனியாக, முழுசாகப் பார்த்திருந்தவர்.